நிற்கும் இடத்துக்கு வண்ணம், நகரும் இடத்துக்குக் கிரீஸ்

சென்னையில் கடலை ஒட்டிய தெருக்களில் நிற்கும் கார்களின் சக்கரத்தைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது துருதான். காசிமேடு, திருவொற்றியூர், பெசன்ட் நகர் வண்டிக்கு ஒரு தோற்றம். பூந்தமல்லிக்கு அப்பால் நிற்கும் வண்டிக்கு வேறு தோற்றம். பிரேக் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரைப் பார்த்தாலே அந்த வண்டி கடல் காற்றில் நிற்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

இப்போது பல இளைஞர்கள் இந்தத் துருவைத் தாங்களே வீட்டில் சுரண்டி எடுத்து, கேலிப்பருக்குப் புது வண்ணம் அடிக்கிறார்கள். இதை நான் மனமார வரவேற்கிறேன். தன் வண்டியின் பிரேக்கை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தவன் அதை அலட்சியமாக ஓட்டமாட்டான். ஆனால் இந்த வேலைக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. கேலிப்பரில் நிற்கும் பாகங்கள் இருக்கின்றன, நகரும் பாகங்கள் இருக்கின்றன. நிற்கும் இடத்துக்கு வண்ணம், நகரும் இடத்துக்குக் கிரீஸ். இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்துகொள்வதுதான் தொழில்.

நான் வேலை பழகிய பட்டறையில் வந்து நின்றவை பெரும்பாலும் அம்பாசிடரும் ஃபியட்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். துரு பிடித்தாலும் டிரம்முக்குள் மறைந்திருக்கும். வண்டிக்காரருக்குத் தெரியவே தெரியாது. டிஸ்க் பிரேக் ஒன்றும் நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1953-ல் லெமான் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. நம் ஊர்ச் சிறிய கார்களின் முன்சக்கரத்துக்கு அது வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், பிரேக் லைனிங் செய்யும் ராணேயும் சென்னையிலேயே இருப்பதால் இந்த ஊரில் பிரேக் தெரிந்த கைகளுக்கு எப்போதும் பஞ்சமில்லை.

டிஸ்க் வந்தபோது துருவும் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு அலாய் வீல் வந்தது. அதன் கம்பிகளுக்கு இடையில் கேலிப்பர் பளிச்சென்று தெரியும். பந்தயக் கார்களில் பிரெம்போவின் சிவப்புக் கேலிப்பரைப் பார்த்த பையன்கள் தங்கள் வண்டிக்கும் அது வேண்டும் என்றார்கள். ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கேலிப்பர் பெயிண்ட் டப்பாக்கள் வரிசையாக ஏறின.

திருவான்மியூர்த் தம்பி ஒருவர் அப்படித்தான் வந்தார். “அண்ணே, நாலு பக்கமும் ரெட் அடிச்சுக் குடுங்க. துரு தெரியக் கூடாது” என்றார். வண்டியை ஜாக்கியில் ஏற்றி முன்சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னேன். பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. “தம்பி, துரு தெரியாம பண்றது கடைசி வேலை. மொதல்ல இதைச் சுத்த வைப்போம்” என்றேன். பேடுகளைக் கழற்றினால், உள்பக்கப் பேடு தகடுவரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கப் பேடு ஏறக்குறையப் புதிது போல இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பது புரிந்தால் மீதி வேலை எல்லாம் தானாகப் புரியும். நம் கார்களில் பெரும்பாலும் இருப்பது நகரும் வகைக் கேலிப்பர். ஒரே ஒரு பிஸ்டன்தான், உள்பக்கம். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயில் அந்தப் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் கேலிப்பர் உடல் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப்பேடை இழுத்துப் பிடிக்கும். பெடலை விட்டதும், பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். அந்தப் பின்வாங்கல் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அந்தச் சிறு நகர்வைத் துரு தடுத்துவிட்டால் பேடு டிஸ்க்கை விடாது; சக்கரம் சூடாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பெட்ரோல் வீணாகும். பின் பிடித்துக்கொண்டால் வெளிப்பேடு வேலை செய்யாது. உள்பேடு மட்டும் தேயும். அந்தத் தம்பியின் வண்டியில் நடந்தது இதுதான்.

கேலிப்பர் உடலும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கம்பெனியிலிருந்து வரும்போது மெல்லிய துத்தநாகப் பூச்சு இருக்கும். சூடும் சக்கரம் வாரியடிக்கும் கல்லும் அதைச் சில வருடத்தில் தின்றுவிடும். அதன் பிறகு உப்பு உள்ளே வருகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். சென்னையில் எத்தனையோ விடியற்காலைகள் அதற்கு மேல்தான். மழையே பெய்யாவிட்டாலும் கேலிப்பர் மேல் உப்புத் தண்ணீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

கடலோரத்தில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். வண்டியை ஒழுங்காகக் கழுவுகிறவர்களின் கேலிப்பர்தான் சில சமயம் அதிகம் துருப்பிடித்திருக்கும். விசாரித்தால், கழுவியது உப்பேறிய போர்த் தண்ணீரில். வாயில் விட்டால் கரிக்கிற தண்ணீரைச் சக்கரத்துக்குள் பீய்ச்சாதீர்கள். கடைசியாக ஒரு பக்கெட் நல்ல தண்ணீரையாவது ஊற்றுங்கள்.

வெள்ளம் இதைவிட மோசம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பல மாதங்கள் எங்களுக்கு இதே வேலைதான். எஞ்சினைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் பிரேக்கை மறந்துவிட்டார்கள். பின்களை மூடும் ரப்பர் பூட்டில் சிறு கிழிசல் இருந்தாலும் சேறும் தண்ணீரும் உள்ளே போய்விடும். வெளியே கழுவித் துடைத்த வண்டி, உள்ளே பின் கல்லாய் இறுகியிருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். வீட்டில் செய்கிறவர்கள் சமதளமான சிமெண்டுத் தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கைவைக்கக் கூடாது. ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் பூட்டியபடியே இருந்தால், எந்தக் கிளிப் எந்தத் திசையில் இருந்தது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இப்போதும் மலிவான பேடில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரால் நனைத்து, பனியன் வேஸ்டால் துடைத்தெடுங்கள். எங்கள் தலைமுறை மெக்கானிக்குகள் இந்தத் தூசியை வெறும் வாயால் ஊதியவர்கள். அந்தப் பழக்கம் எங்களோடு போகட்டும்.

பின் போல்ட்டுகளைக் கழற்றிக் கேலிப்பரைத் தூக்கியதும் அதை ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிடவே கூடாது. ஹோஸின் உள்சுவர் விரிசல் விட்டால் வெளியிலிருந்து தெரியாது. வண்ணம் அடிப்பதற்காக ஹோஸைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் புதுச் செம்பு வாஷர் போட்டு ஏர் எடுக்க வேண்டியிருக்கும். ஏர் எடுத்துப் பழகாதவர்கள் அதில் இறங்க வேண்டாம். கேலிப்பர் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கார்க் கதவைப் பூட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பின்களை இழுத்துப் பாருங்கள். நல்ல பின் விரலால் தள்ளினால் உள்ளே போகும், விட்டால் மெதுவாக வெளியே வரும். துருப்பிடித்த பின்னைத் துடைத்துப் பார்த்து, குழி விழுந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெலியவைக்கக் கூடாது. பல வண்டிகளில் இரண்டு பின்களும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் மட்டும்தான். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் இந்தப் பக்கமே வரக்கூடாது. பின்னோடு இருக்கும் ரப்பர் பிரேக் ஆயிலுக்கு ஒத்துப்போகிற வகை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஊதிய ரப்பர் பின்னை இறுகப் பிடித்துக்கொள்ளும். துருவுக்குப் பயந்து போட்ட எண்ணெயே துருவின் வேலையைச் செய்துவிடும்.

பிறகு பிஸ்டனைச் சுற்றியுள்ள தூசிக் காப்பு ரப்பர். கிழிந்திருந்தால், வண்ணம் பற்றிய பேச்சே வேண்டாம். கேலிப்பர் கிட் வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிஸ்டனைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டனின் பளபளப்பில் துருக்குழி விழுந்திருந்தால் அது கழிவுதான்.

அதற்கடுத்து, யாரும் பார்க்காத ஓர் இடம் இருக்கிறது. பிராக்கெட்டில் பேடின் காதுகள் உட்காரும் பள்ளம். அங்கே மெல்லிய எவர்சில்வர் கிளிப் இருக்கும். அதைக் கழற்றினால் அடியில் துரு அடுக்கடுக்காக மேடு கட்டியிருக்கும். இரும்பு துருவானால் முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த மேடு கிளிப்பைத் தூக்கும், கிளிப் பேடை நெருக்கும், பேடு நகராமல் சிக்கிக்கொள்ளும். தட்டை அரத்தால் அந்தத் துருவை மட்டும் எடுங்கள், இரும்பை அராவாதீர்கள். நான் பார்த்த ‘பிரேக் ஜாம்’ புகார்களில் பெரும்பங்கு இந்தப் பள்ளத்திலும் அந்தப் பின்களிலும்தான் முடிந்திருக்கிறது.

இவ்வளவும் ஆன பிறகு வெளித் துருவுக்கு வரலாம். ஒயர் பிரஷ், டிரில்லில் மாட்டும் கப் பிரஷ், 80, 120, 240 நம்பர் உப்புத்தாள் போதும். செதிலாக உரியும் துரு முழுவதும் போக வேண்டும். ரப்பர் பூட்டுகள் பக்கத்தில் டிரில் போகக் கூடாது. அங்கே கைப் பிரஷ்தான். அலுமினியக் கேலிப்பராக இருந்தால் இரும்புப் பிரஷும் ஆசிட்டும் வேண்டாம். நைலான் பிரஷ் போதும்.

சுரண்டியும் போகாமல் இரும்பின் துவாரங்களில் ஒட்டியிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் கலந்தது ஒரு வகை, டானிக் அமிலம் கலந்தது இன்னொரு வகை. இரண்டாவது வகையைப் பூசினால் செந்துரு கண்ணெதிரே கருநீலமாகிக் கறுக்கும். இந்தக் கறுப்பு நமக்குப் புதிதல்ல. கடுக்காயில் நிறைந்திருப்பதும் இந்த டானின்தான். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கலந்து மை காய்ச்சி எழுதிய ஊர் இது. தஞ்சாவூர்ப் பக்கம் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரித் துணியில் விழும் கறுப்புக் கோடும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து விளைவதுதான். டப்பாவைப் பார்த்து மிரள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அதற்காகக் கடுக்காய்த் தண்ணீரைக் கேலிப்பரில் ஊற்றிவிடாதீர்கள். கடையில் விற்கும் திரவத்தின் அளவும் பதமும் வேறு. உதிரும் துருவின் மேல் பூசினால் அது உதிரும்போது மருந்தும் சேர்ந்தே உதிரும். எவ்வளவு நேரம் காய வேண்டும், கழுவ வேண்டுமா என்று டப்பாவில் போட்டிருப்பதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

துரு எடுத்த வெறும் இரும்பு நம் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி தாங்காது. காலையில் பார்த்தால் மெல்லிய ஆரஞ்சுப் படலம் வந்திருக்கும். சுரண்டுவது, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசை போகத் துடைப்பது, கன்வெர்ட்டரோ முதல் பூச்சோ அடிப்பது, மூன்றும் ஒரே நாளில் நடக்க வேண்டும். பிரேக் கிளீனர் தீப்பற்றும். பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் வேண்டாம்.

அடுத்தது மாஸ்கிங் டேப். பொறுமையை முழுவதும் இங்கே செலவழியுங்கள். பிஸ்டன் ரப்பர், பின் பூட்டுகள், பின் நுழையும் துளை, ஏர் எடுக்கும் நிப்பிள், ஹோஸ், பிராக்கெட்டில் பேடு உட்காரும் பள்ளம், கேலிப்பர் பேடைத் தொடும் முகம் எல்லாவற்றையும் மூட வேண்டும். டிஸ்க்கைச் செய்தித்தாளால் சுற்றிக் கட்டுங்கள். பேடுகள் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. டிஸ்க்கும் சக்கரமும் ஒன்றோடொன்று உட்காரும் தட்டை முகத்தில் வண்ணம் படவே கூடாது. அங்கே படிந்த வண்ணம் ஓட ஓட நசுங்கிப்போனால் வீல் நட்டின் இறுக்கம் தளர்ந்துவிடும்.

வண்ணம் என்றால் வெப்பம் தாங்கும் கேலிப்பர் பெயிண்ட்தான். கேட்டுக்கு அடித்து மிச்சமான எனாமல் ஊருக்குள் ஓடும்வரை பளபளக்கும். 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையிலோ 40 வளைவுள்ள வால்பாறைப் பாதையிலோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பழுப்பேறி, நாற்றமடித்து, உரியும். ஸ்பிரேயும் உண்டு, பிரஷ்ஷால் பூசும் இரண்டு பாகக் கலவையும் உண்டு. வீட்டில் செய்பவர்களுக்கு நான் பிரஷ் வகையைத்தான் சொல்வேன். காற்றில் பறந்து டிஸ்க்கில் படியாது. மூலை முடுக்கிலும் நிதானமாகப் போகலாம். தடிமனாக ஒரே பூச்சு வேண்டாம். மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு, டப்பாவில் சொன்ன இடைவெளியில். மழை நாளிலும் பனி இறங்கும் நேரத்திலும் அடித்தால் மேற்பரப்பு வெளுத்துப் பூத்துவிடும். வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மாலை ஈரம் இறங்குமுன் முடித்துவிடுங்கள்.

நிறம் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் கடலோர வண்டிக்கு வெள்ளி நிறம் அடிப்பேன். புதிதாகத் துரு கிளம்பினால் உடனே காட்டிக்கொடுக்கும். நான் பெயிண்டில் எதிர்பார்ப்பது அழகோடு இந்த எச்சரிக்கையும்தான்.

காய்ந்த பிறகு டேப்பை எடுத்து, பின்களுக்குக் கிரீஸ் தடவி, பேடின் காதுகள் உட்காரும் இடத்தில் பிரேக் கிரீஸை மெல்லியதாக மட்டும் வைத்துப் பூட்டுங்கள். பேடின் உராய்வு முகத்திலோ டிஸ்க்கிலோ கிரீஸ் பட்டால் சும்மா துடைத்து ஓட்டிவிடாதீர்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் கழுவுங்கள். பேடு கிரீஸைக் குடித்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். புதுப் பேடு போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் மேலே பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் பெயிண்டைக் கரைத்துவிடும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பின்சக்கரத்திலும் டிஸ்க் இருந்து ஹேண்ட் பிரேக் அதிலேயே வேலை செய்தால், பல வண்டிகளில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அழுத்தினால் உள்ளே இருக்கும் அமைப்பு உடையும். போல்ட்டுகளை வண்டிக் கையேட்டில் கொடுத்திருக்கும் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள்.

பிரேக் ஆயிலையும் இதே சாக்கில் பாருங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் குடித்த பிறகு 155. மலைப்பாதையில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. உள்ளே போன ஈரம் பிஸ்டனையும் உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். கடலோர வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்லி நான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

சக்கரத்தை மாட்டிவிட்டு, வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் சில மிதிகள் அடிவரை போகும். பிஸ்டன் முன்னே வந்து பேடைத் தொட்ட பிறகுதான் பெடல் கெட்டியாகும். அது கெட்டியாகாமல் ஒரு அடிகூட நகராதீர்கள். கெட்டியான பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, இரண்டு பக்கச் சக்கரத்தின் சூட்டையும் கிட்டத்தில் கைவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் திரும்பவும் கழற்ற வேண்டும். மழைக்கு மறுநாள் டிஸ்க் முகத்தில் தெரியும் ஆரஞ்சுத் துருவுக்கு மட்டும் கவலைப்பட வேண்டாம். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

இதில் ஏதாவது ஒரு படி உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால், பெடல் கெட்டியாகவில்லை என்றால், பின் நகரவில்லை என்றால், வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகாதீர்கள். அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பெயிண்ட் உரிந்தால் அடுத்த வருடம் திரும்ப அடித்துக்கொள்ளலாம். பிரேக் ஒவ்வொரு முறையும் முதல் மிதியிலேயே பிடித்தாக வேண்டும்.